பந்தும் பாடமும்

பாரதியார் பாப்பாவுக்கு வகுத்துக் கொடுத்த தினசரி ஒழுங்கை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. விடிந்ததும் படிப்பு, அதன் பிறகு பாட்டு, சாயங்காலம் விளையாட்டு என்று நாளைப் பங்கு போட்டார் அவர். அந்தப் பங்கீட்டில் விளையாட்டு என்பது படிப்புக்கு நடுவே திருடிக்கொள்ளும் ஓய்வு அன்று. படிப்பைப் போலவே நாளில் தனக்கென்று ஓர் இடம் பெற்ற கடமை அது.

ஆனால் பாப்பா வளர்ந்து கலாசாலைக்குப் போகும் வயது வந்ததும் நாம் அந்த ஒழுங்கை மறந்து விடுகிறோம். "எந்நேரமும் பந்து, பந்து என்று அலைகிறானே, இவன் எப்படி உருப்படுவான்?" என்று தகப்பனார் கேட்கிறார். "எப்போதும் புத்தகமும் கையுமாக இருந்தால் கோப்பையை யார் வாங்கித் தருவது?" என்று டிரில் மாஸ்டர் கேட்கிறார். இரண்டு பேரும் பிள்ளையின் நன்மையைத்தான் விரும்புகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு கையில் பந்தும் ஒரு கையில் புத்தகமுமாக, பதினெட்டு வயதுப் பிள்ளை திகைத்து நிற்கிறான்.

இந்தத் திகைப்பைத் தீர்க்க வழி உண்டா? உண்டு என்பதே நமது கட்சி. ஆனால் அந்த வழியைப் பிள்ளை ஒருவனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயம் ஆகாது என்பதும் நமது கட்சியே.

மேட்டுப்பாளையம் சாலையில்

கோயம்புத்தூரிலிருந்து வடக்கே மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் போகிறவர்கள் கவுண்டம்பாளையத்தையும் ஜி.என். மில்ஸையும் தாண்டினால் துடியலூர் வந்து சேரும். மேற்கே மலைத்தொடர், சாலையை ஒட்டியே ரயில் பாதை, விருந்தீஸ்வரர் கோயில் இவையே அந்த ஊரின் பழைய அடையாளங்கள். ஒரு காலத்தில் தோட்டமும் கிணறுமாக இருந்த ஊர் அது. பிறகு ஆலைகளும் பட்டறைகளும் வந்தன. 2011-ம் வருஷம் துடியலூர் கோவை மாநகராட்சியுடன் சேர்ந்து நகரமாகவே ஆகிவிட்டது.

இந்தச் சாலையின் இரு புறத்திலும் இன்று கலாசாலைகள் நிறைந்திருக்கின்றன. ஜி.என். மில்ஸ் அருகே கொங்குநாடு கலை அறிவியல் கல்லூரி 1973-ல் தோன்றியது. அதற்குப் பின் வந்தவை பல. தோட்டத்தில் பாடுபட்டவர்களும் மில்லில் ஷிப்டு பார்த்தவர்களும் தங்கள் பிள்ளைகளை இங்கே படிக்க அனுப்புகிறார்கள். பல வீடுகளில் கலாசாலை வாசலை மிதிக்கும் முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். அவனுக்கு இடம் கிடைத்ததே கபடியாலோ, கூடைப்பந்தாலோ, ஓட்டத்தாலோ என்றால் வீட்டாரின் பெருமைக்கு அளவே இல்லை.

அந்தப் பெருமையின் அடியில் ஒரு பயமும் உண்டு. "பையன் நல்லா ஆடறானுங்க, ஆனா அரியர் நாலு நிக்குதுங்க" என்று சொல்லும் தாய்மார்களைக் கொங்கு நாட்டில் எந்த ஊரிலும் காணலாம். அரியர் என்ற அந்தச் சின்னச் சொல்லில் ஒரு குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பும், ஒரு வாலிபனின் எதிர்காலமும் அடங்கியிருக்கின்றன. ஆகவே இது ஏதோ பொழுதுபோக்கைப் பற்றிய சர்ச்சை என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது.

மாருதியின் பெயரால்

துடியலூரிலிருந்து இன்னும் சில மைல் வடக்கே போனால் பெரியநாயக்கன்பாளையம். அங்கே இருக்கும் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், தி. சு. அவினாசிலிங்கம் அவர்களால் 1930-ம் வருஷம் தொடங்கப்பட்டது. 1934-ல் மகாத்மா காந்தி அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். மாணவன் ஆசிரியரோடு தங்கி, விடியுமுன் எழுந்து, உடலால் உழைத்து, பாடமும் கற்று, மாலையில் விளையாடவும் வேண்டும் என்ற குருகுல முறையைத் தழுவிய ஸ்தாபனம் அது. அதன் நிறுவனர் பின்னர் சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரியாகவும் இருந்தார்.

அந்த வித்யாலயத்தில் 1956-ம் வருஷம் உடற்கல்விக்கென்றே ஒரு கலாசாலை ஏற்பட்டது. அதற்கு மாருதி கல்லூரி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் வெறும் புஜபலத்தை நினைத்து அந்தப் பெயரை வைத்திருப்பார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை.

மாருதி யார்? கடலைத் தாண்டியவர், மலையைச் சுமந்தவர். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் இலக்கண பண்டிதர் என்பதையும், கம்பர் அவரைச் சொல்லின் செல்வன் என்று போற்றியதையும் நாம் சௌகரியமாக மறந்து விடுகிறோம். அவர் கல்வி கற்ற கதையோ இன்னும் ரஸமானது. அவருக்குக் குரு சூரிய பகவான். சூரியனோ ஒரு கணமும் ஓரிடத்தில் நில்லாதவன். "உனக்குப் பாடம் சொல்ல நான் நிற்க முடியாதே!" என்றானாம். "நீங்கள் நிற்க வேண்டாம், நான் கூடவே வருகிறேன்" என்று சொல்லி, உதயகிரியிலிருந்து அஸ்தகிரி வரையில் குருவின் முகத்தைப் பார்த்தபடியே ஓடி ஓடிப் பாடம் கேட்டாராம் அந்தச் சீடர். ஓடிக்கொண்டே படித்த முதல் மாணவர் அவர்தான். இன்றைய கலாசாலை விளையாட்டு வீரனுக்கு இதைவிடப் பொருத்தமான குலதெய்வம் கிடைக்குமா?

அந்த மிஷனை நிறுவிய விவேகானந்தரும் 1897-ல் சென்னையில் பேசியபோது, பலவீனமான உடலோடு கீதையைப் படிக்க உட்காரும் இளைஞர்களைப் பார்த்து, முதலில் போய்க் கால்பந்து ஆடுங்கள் என்ற கருத்தில் இடித்துரைத்தார். கீதையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. உடல் உறுதிப்பட்டால் கீதையும் நன்றாக விளங்கும் என்றார். அந்நியர் ஆட்சியில் கூனிப்போயிருந்த தேசத்துக்கு அது அன்று வேண்டிய மருந்து. தேகத்தையும் அறிவையும் ஒன்றுக்கொன்று சத்ருவாக எண்ணும் வழக்கம் நம் முன்னோருடையது அல்ல என்பதற்காகவே இவற்றை எடுத்துச் சொன்னோம்.

நூற்று அறுபத்தெட்டு மணி

இனி, புராணத்தை விட்டுக் கணக்குக்கு வருவோம். "நேரம் இல்லை" என்பதுதானே எல்லாரும் சொல்லும் காரணம்? அது எவ்வளவு உண்மை என்று பார்த்து விடலாம்.

ஒரு வாரத்துக்கு 168 மணி. தூக்கத்துக்கு நாளொன்றுக்கு 8 மணி வீதம் 56. வகுப்புக்கு ஐந்து நாள், ஆறு மணி வீதம் 30. பஸ்ஸில் போக வர நாளைக்கு இரண்டு மணி வீதம் 10. காலையில் ஒன்றரையும் மாலையில் இரண்டுமாக ஆறு நாள் பயிற்சிக்கு 21. குளியல், சாப்பாடு முதலியவற்றுக்கு நாளைக்கு மூன்று வீதம் 21. ஆக மொத்தம் 138 மணி. மிச்சம் 30 மணி! தினம் இரண்டரை மணி வீட்டில் படித்தாலும் பதினேழரைதான் செலவாகும். அதற்குப் பிறகும் பன்னிரண்டரை மணி கையில் நிற்கிறது.

கணக்கு இப்படி இருக்க, பையன்கள் ஏன் தவறி விழுகிறார்கள்? முதற் காரணம், இந்த 30 மணி ஒரே முழுத் துணியாகக் கிடைப்பதில்லை. கிழிந்த துண்டுகளாகவே கிடைக்கிறது. பஸ் வரும் வரையில் கால் மணி, வகுப்புக்கு வகுப்பு நடுவே அரை மணி என்று சிதறிக் கிடப்பதைச் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி விழுங்கி விடுகிறது. இரண்டாவது காரணம், ஓடிக் களைத்து வந்த உடம்பு இராத்திரி எட்டரை மணிக்குப் புத்தகத்தைப் பிரித்ததும் கண்ணை மூடிக்கொள்கிறது. "சரி, தூக்கத்தைக் குறைப்போம்" என்று அவன் நினைக்கிறான். அதுவே பெரிய நஷ்டம். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்கு ஏழு முதல் ஒன்பது மணி வரை தூக்கம் வேண்டும் என்று அமெரிக்க தேசியத் தூக்க அறக்கட்டளையின் நிபுணர்கள் 2015-ல் கூறினார்கள். பகலில் படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதும், பகலில் உழைத்த தசைகள் தேறுவதும் தூக்கத்தில்தான். தூக்கத்தைக் குறைக்கிறவன் படிப்பிலும் ஆட்டத்திலும் ஒரே சமயத்தில் திருடுகிறான்.

ஆனாலும் சாதாரண வாரங்களில் ஒழுங்குள்ள பிள்ளை எப்படியோ சமாளித்து விடுகிறான். கவிழ்வது பந்தய மாதங்களில்தான்.

பந்தய மாதங்கள்

சர்வகலாசாலைகளுக்கு இடையே நடக்கும் பந்தயங்களில் பெரும்பாலானவை மழைக்காலத்தின் கடைசியிலும் பனிக்காலத்திலும் வருகின்றன. தமிழ்நாட்டுக் கலாசாலைகளின் முதல் பருவத் தேர்வும் நவம்பர், டிசம்பரில்தான் வருகிறது. இரண்டு ரயில்களும் ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வருவது போன்ற ஏற்பாடு இது.

ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவிகிதம் வருகை வேண்டும் என்பது பொதுவான விதி. அதாவது 22 நாளுக்கு மேல் வராமல் இருக்க முடியாது. சர்வகலாசாலைக் கோஷ்டியில் தேர்வான ஒரு பையனுக்குப் பயிற்சி முகாம் 10 நாள், தென் மண்டலப் பந்தயம் போக வர 7 நாள், அங்கே ஜயித்து வடக்கே அகில இந்தியப் பந்தயத்துக்குப் போனால் ரயில் பிரயாணம் உட்பட 10 நாள் என்று வைத்துக்கொண்டால் 27 நாள் ஆகிறது. நடுவில் வரும் ஞாயிறுகளைக் கழித்தாலும் 22-க்கு மேலேயே நிற்கிறது. ஜயிக்க ஜயிக்கக் கலாசாலை விதிக்கு அவன் குற்றவாளியாகிக்கொண்டே போகிறான்!

இதை அதிகாரிகள் அறியாதவர்கள் அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிகளில், விளையாட்டுக்காகச் சென்ற மாணவனுக்குச் சான்றிதழின் பேரில் 65 சதவிகிதம் வரையில் வருகையைத் தளர்த்திக் கொடுக்க இடம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வருகைப் பதிவேடு மன்னிக்கும்; பரீட்சைத் தாள் மன்னிக்காது. வராத நாளை வந்ததாக எழுதிக்கொள்ளலாம். கேளாத பாடத்தைக் கேட்டதாக எழுத முடியுமா? கணக்குப் பாடத்தையாவது தோழனின் நோட்டைப் பார்த்து ஓரளவு தேறலாம். சோதனைச்சாலையில் செய்து பார்க்க வேண்டியதை நோட்டைப் பார்த்து எப்படிச் செய்வது? விளையாட்டு மாணவனின் அரியர்களில் பல, அவன் சோம்பேறி என்பதால் வந்தவை அல்ல. அந்த இருபத்து மூன்று நாட்களில் நடந்த பாடத்தை அவனுக்கு மறுபடி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதால் வந்தவை.

ஐவர் தீர்த்த விதம்

இந்தச் சிக்கல் இன்று புதிதாக முளைத்ததல்ல. பெரிய ஆட்டக்காரர்கள் இதை எப்படித் தீர்த்துக் கொண்டார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது.

எரப்பள்ளி பிரசன்னா 1962-ம் வருஷம் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடினார். அதே வருஷம் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போய் வந்தார். அப்போது அவர் எஞ்சினீயரிங் மாணவர். ஊர் திரும்பியவர் தம் பட்டத்தை முடிக்க உட்கார்ந்து விட்டார். மறுபடி அவர் டெஸ்ட் பந்தயத்தில் இறங்கியது 1967-ல். ஒரு சுழற்பந்து வீரரின் இளமையில் ஐந்து வருஷம் என்பது சின்ன விலை அல்ல. ஆனால் திரும்பி வந்தவர் மொத்தம் 49 பந்தயங்களில் 189 விக்கெட்டுகளை எடுத்தார். படித்த வருஷங்கள் அவருடைய விரல்களிலிருந்து எதையும் பறித்துக்கொண்டு போகவில்லை.

நம் சென்னை வெங்கட்ராகவன் வேறு வழியில் சென்றார். அவர் கிண்டி எஞ்சினீயரிங் கலாசாலையின் மாணவர். 1965-ல், இருபது வயது நிறையாத நிலையில், நியூஜீலாந்துக்கு எதிராக ஆடி, டில்லிப் பந்தயத்தில் மட்டும் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். பட்டத்தையும் விடவில்லை, பந்தையும் விடவில்லை. பிற்காலத்தில் இந்தியாவின் காப்டனாகவும், உலகமே மதித்த அம்பயராகவும் விளங்கினார்.

டாக்டர் தாலிமெரென் ஆவ் நாகர் மலையில் பிறந்தவர். கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கலாசாலையில் படித்துக்கொண்டே மோகன் பகான் கோஷ்டியில் ஆடினார். மகன் டாக்டராக வேண்டும் என்பது காலஞ்சென்ற தகப்பனாரின் விருப்பம். சுதந்தர இந்தியாவின் கால்பந்துக் கோஷ்டி 1948-ல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனபோது அதன் காப்டன் இந்த மருத்துவ மாணவர்தான். நம்மவர்களில் பலர் பூட்ஸ் அணியாமலே பிரான்ஸை எதிர்த்து ஆடி, 2-க்கு 1 என்ற கணக்கில் தோற்றாலும் உலகத்தின் மதிப்பைப் பெற்று வந்தார்கள். 1950-ல் பட்டம் பெற்ற ஆவ், ஆட்டத்தின் புகழை அப்படியே விட்டுவிட்டுத் தம் மலைநாட்டு ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கத் திரும்பி விட்டார்.

ஜெய்பால் சிங்கின் கதை நேர் எதிரானது. ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்துப் பட்டம் பெற்று, அங்கே ஐ.சி.எஸ். உத்தியோகத்துக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு இந்திய ஹாக்கிக் கோஷ்டியின் காப்டனாக அவரை அழைத்தார்கள். லீவு தர அதிகாரிகள் மறுத்தார்கள். லீவு இல்லாமலே போனார். இந்தியா முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. திரும்பி வந்தவரிடம் பயிற்சியை இன்னொரு வருஷம் நீட்டிக்க வேண்டும் என்றார்கள். அந்த ஐ.சி.எஸ்ஸே வேண்டாம் என்று உதறி எறிந்தார். அந்நாளில் அது எப்பேர்ப்பட்ட உத்தியோகம் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். பின்னாளில் அவர் நமது அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து ஆதிவாசிகளுக்காகக் குரல் கொடுத்தார்.

கடைசியாக, இங்கிலாந்தின் ரோஜர் பானிஸ்டர். லண்டனில் மருத்துவ மாணவரான அவருக்கு நாள் முழுதும் பயிற்சி செய்ய நேரம் ஏது? மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஓடிப் பழகினார். நேரம் குறைவு என்பதால் அந்த ஓட்டம் கடுமையாகவும் கணக்காகவும் இருந்தது. 1954-ம் வருஷம் மே 6-ந் தேதி, ஒரு மைல் தூரத்தை 3 நிமிஷம் 59.4 விநாடியில் ஓடி, நாலு நிமிஷத்துக்குள் அத்தூரத்தைக் கடந்த முதல் மனிதர் ஆனார். அந்த வருஷ முடிவிலேயே பந்தயங்களை விட்டு விலகி, பிறகு பெரிய நரம்பு வைத்திய நிபுணர் ஆனார்.

ஐந்து பேரும் ஐந்து விதமாகத் தீர்த்தார்கள். ஒருவர் ஆட்டத்தை ஒத்திப் போட்டார். ஒருவர் இரண்டையும் ஒன்றாக நடத்தினார். ஒருவர் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். ஒருவர் உத்தியோகத்தைத் துறந்தார். ஒருவர் பயிற்சி நேரத்தைச் சுருக்கினார். ஆனால் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. எதை எப்போது விடுவது, எதுவரைக்கும் விடுவது என்பதை அவர்களே கண் திறந்து தீர்மானித்தார்கள். அதோடு, ஐவரில் ஒருவர்கூடத் தொடங்கிய பட்டத்தை முடிக்காமல் விட்டவர் இல்லை. தீர்மானம் செய்யாமல், இரண்டும் தானாகவே நடந்துவிடும் என்று காலத்தைக் கடத்துகிறவனுக்குத்தான் இரண்டும் கை நழுவிப் போகின்றன.

கோப்பை ஓரிடம், அரியர் ஓரிடம்

அவர்கள் அசாதாரண மனிதர்கள். துடியலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படிப்பட்ட தீர்மானத்தை எதிர்பார்த்துவிட்டுக் கலாசாலை கை கட்டி நிற்கலாமா?

பந்தயத்தில் வென்ற கோப்பை கலாசாலையின் கண்ணாடி அலமாரியில் போய் உட்கார்ந்து கொள்கிறது. பந்தய நாட்களில் விட்ட பாடத்தின் அரியர் பையனோடு வீட்டுக்குப் போகிறது. கோப்பையில் பங்கு கொள்கிறவர்கள் அரியரிலும் பங்கு கொள்ள வேண்டாமா? விளையாட்டுக்காக இடமும், சம்பளச் சலுகையும், விடுதியும் கொடுத்துப் பையனைச் சேர்த்துக்கொள்ளும் கலாசாலைகள், அவன் பட்டத்தோடு வெளியே போனானா என்பதையும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சேர்த்த வீரர்கள் இத்தனை பேர், பட்டம் பெற்ற வீரர்கள் இத்தனை பேர் என்று கோப்பை அலமாரிக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். அப்போது தெரிந்துவிடும் எது வித்தியாசாலை, எது வேட்டைச்சாலை என்பது.

அமெரிக்காவில் கலாசாலை விளையாட்டு என்பது பெரும் வியாபாரம். அப்படிப்பட்ட தேசத்திலும் அவர்களுடைய கலாசாலை விளையாட்டுச் சங்கம் 1991-ல், பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணிக்கு மேல் மாணவனிடம் பயிற்சி வாங்கக் கூடாது என்று விதி செய்தது. 2003-ல் இன்னொரு விதியும் வந்தது. இரண்டாம் வருஷ முடிவில் பட்டப் படிப்பில் 40 சதவிகிதம், மூன்றாம் வருஷம் 60, நான்காம் வருஷம் 80 என்று முடித்து வராதவன் முதல் பிரிவுப் பந்தயங்களில் இறங்க முடியாது என்றார்கள். அந்த விதிகளுக்கும் ஓட்டைகள் உண்டு. ஆனாலும் "பையன் படிக்கிறானா?" என்ற கேள்வியை ஆட்டப் பயிற்சியாளரே கேட்கும்படி செய்த யுக்தி நல்ல யுக்தி. இங்கே நாம் போட்டுக் காட்டிய கணக்கில் பயிற்சிக்கு 21 மணி வந்ததை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

நம் கலாசாலைகள் பெரிய செலவு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு விளையாட்டு மாணவனுக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக வைக்கட்டும். வருஷ ஆரம்பத்திலேயே உடற்கல்வி இயக்குநரும் அந்த ஆசிரியரும் உட்கார்ந்து, பந்தய நாட்களையும் பரீட்சை நாட்களையும் ஒரே காகிதத்தில் குறிக்கட்டும். மோதும் இடங்களைச் சிவப்பு மையால் காட்டட்டும். விட்டுப்போன சோதனைச்சாலை வேலைகளைச் சனிக்கிழமைகளில் செய்ய வசதி கொடுக்கட்டும். இடைத் தேர்வை வேறு நாளில் எழுத அனுமதிக்கட்டும். இவை சலுகை அல்ல. கலாசாலையின் பெயருக்காக ஓடியவனுக்குக் கலாசாலை செலுத்தும் கடன்.

முழங்காலை நம்பி

"என் பிள்ளை ஆட்டத்தாலேயே பிழைத்துக் கொள்வான்" என்று நம்பும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசாங்க வேலையிலும் ரயில்வே போன்ற இடங்களிலும் விளையாட்டு வீரர்களுக்கு வாசல் இருப்பது உண்மை. தமிழ்நாட்டு அரசாங்க வேலைகளில் 3 சதவிகித ஒதுக்கீடும் வந்திருக்கிறது. ஆனால் அந்த வாசலிலும் ஒரு காவற்காரன் நிற்கிறான். பதவிக்குரிய படிப்பு இருக்கிறதா என்றுதான் அவன் முதலில் கேட்பான். பத்துப் பதக்கத்தைக் காட்டினாலும் முடியாத பட்டத்துக்கு அவை ஈடாகா.

இன்னொன்றும் உண்டு. கபடியிலோ கூடைப்பந்திலோ ஒரு தவறான திருப்பத்தில் முழங்காலினுள் இருக்கும் தசைநார் அறுந்து போவது அபூர்வமல்ல. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாலும் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம், ஒரு வருஷம் ஆகும். சிலர் திரும்புவதே இல்லை. குடும்பத்தின் நம்பிக்கை முழுவதையும் ஒரு முழங்காலின் மேல் ஏற்றி வைப்பது எந்தத் தகப்பனாருக்கும் அழகல்ல.

இதனால் பயந்து, "ஆடவே வேண்டாம்" என்று பந்தைப் பிடுங்கிப் பரண்மேல் போடுகிறவர்களும் தவறுகிறார்கள். வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷமாவது மிதமான தேகப்பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அசையாமல் உட்கார்ந்து படித்து முதல் வகுப்பில் தேறி, முப்பது வயதில் சர்க்கரை வியாதிக்காரனாக நிற்கும் பிள்ளையால் யாருக்கு என்ன லாபம்? தோல்வியை முகம் சுளிக்காமல் ஏற்கவும், வெற்றியில் தலை கனக்காமல் இருக்கவும், பத்துப் பேரோடு சேர்ந்து இயங்கவும் மைதானம் கற்றுக் கொடுப்பதை எந்த வகுப்பறையும் கற்றுக் கொடுத்ததில்லை.

பெண்களின் கணக்கு

மேலே போட்ட 168 மணிக் கணக்கு ஆண் பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும் என்று நமது சகோதரிகள் முணுமுணுப்பது நம் காதில் விழாமல் இல்லை. அண்ணன் பயிற்சி முடிந்து வந்தால், "களைத்து வந்திருக்கிறான்" என்று சோறு போடுகிறார்கள். தங்கை பயிற்சி முடிந்து வந்தால், "பாத்திரம் அப்படியே கிடக்கிறது" என்று காட்டுகிறார்கள். இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும் என்ற கட்டாயத்தால் அவளுடைய மாலைப் பயிற்சி பாதியில் நிற்கிறது. அவளுடைய முப்பது மணியில் பாதி அடுப்படியிலேயே கரைந்து விடுகிறது.

ஆயினும் என்ன நடந்திருக்கிறது, பாருங்கள்! 1984-ல் லாஸ் ஏஞ்சலஸில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடி என்ற தேசியச் சாதனையைச் செய்தார். நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கம் தவறியது. முப்பத்தொன்பது வருஷம் அந்தச் சாதனையை எந்த இந்தியப் பெண்ணும் எட்டவில்லை. 2023-ல் சீனாவின் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் அதே 55.42 விநாடியில் ஓடி அதைச் சமன் செய்தவர் நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ். மறுநாள் வெண்கலப் பதக்கமும் பெற்றார். அவருடன் பிறந்த இரட்டையரான நித்யாவும் அதே ஆசிய விளையாட்டில் தடை ஓட்டத்தில் கலந்து கொண்டார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெண்கள்! கொங்கு நாட்டுத் தாய்மார்கள் தங்கள் பெண்ணுக்கும் பையனைப் போலவே பயிற்சி நேரமும் படிப்பு நேரமும் பங்கிட்டுக் கொடுத்தால் இன்னும் எத்தனை வித்யாக்கள் தோன்றுவார்களோ, யார் கண்டது?

யார் யாருக்கு என்ன வேலை

முடிவாகச் சொல்வோம். மாணவன் செய்ய வேண்டியது: வருஷத் தொடக்கத்தில் தன் கணக்கைத் தானே போட வேண்டும். எந்த மாதம் ஆட்டத்துக்கு, எந்த மாதம் புத்தகத்துக்கு முதலிடம் என்று எழுதி வைத்து அதற்குக் கட்டுப்பட வேண்டும். ரயிலில் போகும் இரண்டு நாளும் சீட்டாட்டத்துக்கு என்று நினைக்காமல், பெட்டியில் இரண்டு பாடப் புத்தகங்களையும் வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தில் கை வைக்கக் கூடாது. ஓர் அரியர் விழுந்தால் அடுத்த பருவத்திலேயே தீர்த்துவிட வேண்டும். அரியரும் வட்டிக் கடனைப் போலக் குட்டி போடும்.

கலாசாலை செய்ய வேண்டியதை மேலே சொன்னோம். வீட்டார் செய்ய வேண்டியது எல்லாவற்றிலும் எளிது. ஆகையால் எல்லாவற்றிலும் அரிது. "ஜயித்தாயா?" என்று மட்டும் கேட்காமல், "விட்ட பாடத்தை யாரிடம் கேட்டுக் கொள்ளப் போகிறாய்?" என்றும் கேட்க வேண்டும். மார்க்கு வந்த அன்று, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "மைதானத்துக்குப் போய் எத்தனை நாளாயிற்று?" என்றும் கேட்க வேண்டும்.

தேசம் சுதந்தரம் பெற்றது பலவீனமான பண்டிதர்களை வளர்ப்பதற்கும் அல்ல, படிப்பற்ற பயில்வான்களை வளர்ப்பதற்கும் அல்ல. கடலைத் தாண்டவும் தெரிந்து, தாண்டிய பின் எதிரியின் சபையில் நிமிர்ந்து நின்று பேசவும் தெரிந்த மாருதிகளே நமக்கு வேண்டும். ஆனால் ஒன்றை நினைவில் வைப்போம். மாருதி ஓடி ஓடிப் படித்தபோது, சூரியனும் அவருக்குப் பாடம் சொல்ல மறுக்கவில்லை.